மஞ்சள் தடவாத நோட்டீஸ்

பதினாறாவது வயதில் நான் என் அத்தை மகனைக் கொன்றேன்.

பதற வேண்டாம். அவன் போன வாரம்கூட எனக்கு ஒரு கார்டு போட்டிருந்தான். சௌக்கியமாக இருக்கிறான், லேசாகத் தொப்பைகூட விழுந்திருக்கிறதாம். ஆனாலும் எங்கள் உறவில் யாரைக் கேட்டாலும், "செல்லமுத்தா? அவன நம்ம ராசம்மா எப்பவோ கொன்னுபோட்டாளே" என்றுதான் சொல்வார்கள். வாய்க்கு வாய் கதை மாறிக்கொண்டே போவதால், நடந்ததை நானே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். (எழுத உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டு அம்மா, "இப்ப யாருக்கு?" என்று கேட்டுவிட்டுப் போகிறாள்.)

எங்கள் வீடு எடப்பாடியில், நெசவுக்காரர் தெருவில். அப்பாவும் பெரியப்பாவும் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தறி போட்டிருந்தார்கள். இரண்டு வீட்டுக்கும் சேர்த்து எழுதப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். சேலத்தில் சித்தி வீட்டில் தங்கிப் படித்து, எட்டாவது பாஸ் பண்ணித் திரும்பியிருந்தேன். அந்த எட்டு வகுப்பையும் தலையில் எட்டுக் குடமாக அடுக்கிக்கொண்டு தெருவில் நடந்தேன் என்று அம்மா சொல்லுவாள். பொய் இல்லை. "ஊடு இல்லையம்மா, வீடு" என்று அவள் பேச்சைத் திருத்துவேன். "செரி, வீட்டக் கூட்டு" என்று விளக்குமாற்றை என் கையில் கொடுப்பாள். (திருத்திய பிறகும் அதே குப்பைதான் இருந்தது.)

சேலத்தில் பெண்களுக்கு ஒரு உபாத்தியாயர் பயிற்சிப் பள்ளி இருந்தது. இரண்டு வருஷம் படித்து வந்தால் டீச்சர். அந்த ஒரு சொல்லுக்காக நான் சாப்பாட்டைக்கூட விட்டிருப்பேன். விண்ணப்பத் தாள் வந்து பெட்டிக்குள் கிடந்தது. மாதக் கடைசிக்குள் போய்ச் சேர வேண்டும். அப்பாவுக்குச் சம்மதம்தான். ஆனால் எங்கள் வீட்டில் அப்பாவின் சம்மதத்துக்குப் பெரியப்பாவின் சம்மதம் வேண்டும்.

பெரியப்பா கெட்டவர் இல்லை. எதையும் தொட்டுப் பார்த்து வாங்குகிறவர், அவ்வளவுதான். நூலை விரலில் நெருடிப் பார்த்தே அது எத்தனாம் நம்பர் நூல் என்று சொல்லுவார். படிப்பை அப்படி நெருடிப் பார்க்க முடியவில்லை என்பது அவர் குறை.

"எட்டுக் கிளாசு படிச்சுதே, அதுனால ஊட்டுக்கு என்ன ஆச்சுன்னு ஒரு நாளைக்குக் காட்டட்டும்," என்றார். "காட்டுச்சுன்னா சேலத்துக்குப் போகட்டும். இல்லீன்னா ராட்டையில உக்காந்து தார் சுத்தட்டும்."

தார் என்பது தறியில் குறுக்கே போய் வருகிற ஓடத்துக்குள் வைக்கிற சின்ன நூல்கண்டு. நாள் முழுக்கச் சுற்றலாம். மறுநாளும் சுற்றலாம். சாகும்வரை சுற்றலாம். நான் எதைக் காட்டுவது என்று தெரியாமல் இருபது நாள் தார் சுற்றினேன்.

அப்போதுதான் எடப்பாடிக்கு நாடகக் கம்பெனி வந்தது.

அது பையன்கள் மட்டும் நடிக்கிற கம்பெனி. சந்தைக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை போட்டு, எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்துப் பையன்களைத் தங்கவைத்திருந்தார்கள். அதில் ஒரு பையன்தான் செல்லமுத்து, குமாரபாளையத்தில் இருக்கும் என் அத்தையின் ஒரே மகன். பதினோரு வயதில் இந்தக் கம்பெனியின் பின்னால் ஓடிப்போனவன். அத்தை இரண்டு முறை தேடிப் பிடித்து இழுத்துவந்தாள். மூன்றாவது முறை ஓடியபோது விட்டுவிட்டாள். "எனக்கொரு பையன் இருந்தான்" என்று சொல்ல ஆரம்பித்தாள். மூன்று வருஷமாக அவன் முகத்தை அவள் பார்க்கவில்லை. அவன் தலைமுடி வளர்த்து, தோழி வேஷமும் சேடி வேஷமும் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தான்.

எடப்பாடியில் அவனுக்கு முதல் முறையாக ராணி வேஷம் கிடைத்தது. புது நடிகனை ஊருக்கு அறிமுகப்படுத்த, நோட்டீஸில் அவன் படத்தைப் போட்டு, கீழே அவனுடைய வரலாற்றையும் போடுவது என்று மானேஜர் முடிவு செய்தார். பட்டணத்துக் கம்பெனிகள் அப்படித்தான் செய்கின்றனவாம். வழக்கமாக நோட்டீஸ் எழுதும் நாடக வாத்தியார் குளிர்காய்ச்சலில் படுத்திருந்தார். செல்லமுத்து, "எங்க மாமன் புள்ள எட்டாவது பாசுங்க" என்று சொல்லிவிட்டான். மானேஜர் எங்கள் வீட்டு வாசலுக்கே வந்து, "பாப்பாதான் எழுதித் தரணும்" என்று கேட்டார்.

பெரியப்பா தறியிலிருந்து எழுந்து வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "அச்சுல வருமா?" என்றார். வரும் என்றார் மானேஜர். "செரி, பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு, நெய்பவர் கால் இறக்கி உட்காருகிற தறிக்குழிக்குள் இறங்கிவிட்டார். நான் காட்ட வேண்டிய நாள் வந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது.

எழுத வேண்டியது மூன்றே விஷயம். பையன் சின்ன வயதிலேயே வீட்டை விட்டு நாடகத்துக்கு வந்தான், சீக்கிரம் கற்றுக்கொண்டான், அவன் நடிப்பு ரொம்ப இயற்கையாக இருக்கும். இதை இப்படியே எழுதியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது. ஆனால் எனக்கு அப்போது ஒரு வியாதி இருந்தது. படித்தவுடன் புரிந்துவிட்டால் அது தமிழ் இல்லை என்று நினைப்பேன்.

ஒரு மனிதரின் வரலாற்றை அச்சில் எப்படி எழுதுவார்கள் என்று பார்க்க மாதிரி வேண்டியிருந்தது. எங்கள் வீட்டில் இருந்த ஒரே அச்சுக் காகிதம் அம்மாவின் தகரப் பெட்டி மூடியில் உள்பக்கமாக ஒட்டியிருந்தது. சேலத்து நூல் வியாபாரி ஒருவரைப் பற்றியது. மேல்பகுதி கிழிந்து போயிருந்தது, இடது ஓரத்தைப் பூச்சி தின்றிருந்தது. மிச்சம் இருந்ததைப் படித்தபோது உடம்பு சிலிர்த்தது. அவர் இன்ன குலத்தில் தோன்றினார், "உற்றார் உறவினரை ஆறாத் துயரில் ஆழ்த்தி" எங்கேயோ புறப்பட்டார், கடைசியில் "எய்தினார்". எதை எய்தினார் என்ற இடத்தில் பூச்சி ஓட்டை போட்டிருந்தது. பெரிய பதவி ஏதோ எய்தியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். (பெரிய பதவிதான். அதற்கு மேல் ஒரு பதவி யாருக்கும் கிடையாது.)

அந்த ஓட்டையில் எதை வைக்கலாம் என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். என் பாடப்புத்தகத்தில் வந்தவர்கள் எல்லாரும் எதையாவது எய்திக்கொண்டே இருந்தார்கள். வெற்றி எய்தினார்கள், புகழ் எய்தினார்கள். செல்லமுத்து மட்டும் ஒன்றையும் எய்தாமல் நிற்பதா? அவனிடம் இருந்தது இயற்கை நடிப்பு ஒன்றுதான். சொல்லைப் பொருத்திப் பார்த்தேன். அச்சில் வார்த்த மாதிரி பொருந்தியது. எழுதி முடித்தபோது இப்படி இருந்தது:

"குமாரபாளையத்தில் நெசவுக் குடியில் தோன்றிய செல்வன் செல்லமுத்து, தம் பதினோராம் அகவையில் பெற்றோரையும் உற்றோரையும் ஆறாத் துயரில் ஆழ்த்தி, இவ்வுலக வாழ்வைத் துறந்து நாடக உலகம் புகுந்தார். புகுந்த மூன்றே ஆண்டுகளில் இயற்கை எய்தினார். அன்னாரின் இனிய குரல் நம் செவிகளை விட்டு என்றும் நீங்காது. அன்னாரின் திருமுகத்தைக் காண விரும்புவோர் வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் கொட்டகைக்கு வந்து சேருமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

இன்றைக்குப் படித்தால் தாளைக் கவிழ்த்து வைத்துவிடுகிறேன். அன்றைக்கு நாலு தடவை உரக்கப் படித்தேன், பெருமையில்.

கொண்டுபோய் நாடக வாத்தியாரிடம் படித்துக் காட்டினேன். அவர் கம்பளிக்குள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பாதியிலேயே கண்ணோரம் நீர் வழிந்தது. முடித்ததும் மெதுவாக, "நல்லா எழுதியிருக்க தாயி. ஆனா எம் பேரு செல்லமுத்து இல்லையே" என்றார். காய்ச்சல் வேகத்தில் பிதற்றுகிறார் என்று நினைத்துக்கொண்டு கம்பளியை இழுத்துப் போர்த்திவிட்டு வந்தேன்.

மானேஜர் அதைப் படித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. தலைகீழாகப் பிடித்துப் பார்த்து, "அளவு சரி" என்றார். அச்சாபீஸுக்கும் என்னையே அனுப்பினார். மறுநாள் அப்பா சேலைகளைக் கொடுத்துவிட்டு நூல் வாங்கி வரச் சேலம் போகிறவராக இருந்தார். அவரோடு பஸ் ஏறினேன். என்னை அச்சாபீஸில் விட்டுவிட்டு அவர் நூல்கடைக்குப் போனார்.

அச்சுக் கோக்கிறவர் வயதானவர். தாளை வாங்கிப் படித்தார். படிக்கப் படிக்க மூக்குக்கண்ணாடி கீழே இறங்கியது. கூடவே மானேஜர் கொடுத்தனுப்பியிருந்த, படம் அச்சடிக்கிற கட்டையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். போன ஊரில் செல்லமுத்து மெடல் வாங்கிய அன்று எடுத்த படம். கழுத்தில் பெரிய மாலை.

"பையன் உங்களுக்கு என்ன வேணுமுங்க அம்மிணி?"

"அத்தை மகனுங்க."

"சின்ன வயசு," என்றார்.

"ஆமாங்க, பதினாலுதான்," என்றேன். புகழ்கிறார் என்று எனக்குச் சந்தோஷம். "இந்த வயசுலயே எய்திட்டாருங்க."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். இந்தப் பெண் எவ்வளவு திடமாக நிற்கிறது என்று நினைத்திருக்க வேண்டும். உட்காரச் சொன்னார், மோர் வரவழைத்துக் கொடுத்தார். மேலே பிள்ளையார் சுழி வேண்டாம்தானே என்று கேட்டார். வேண்டாம் என்றேன். பள்ளியில் கட்டுரைக்கு மேலே சுழி போட்டதற்கு எங்கள் டீச்சர் ஒரு மார்க் குறைத்திருந்தார். கம்பெனி வழக்கமாக அடிக்கிற மஞ்சள் தாளும் வேண்டாம், புத்தகம் மாதிரி வெள்ளைத் தாளில் போடுங்கள் என்றேன். "அப்படித்தானுங்க போடுவோம்" என்றார். சுற்றிலும் கட்டம் கட்டினால் எடுப்பாக இருக்கும் என்று நானே சொன்னேன்.

"கறுப்புக் கட்டந்தானுங்களே?"

"ஆமாங்க. நல்லாத் தடிமனா."

சாயங்காலத்துக்குள் அடித்துக் கொடுத்துவிட்டார். மற்ற வேலையையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு அடித்ததாகச் சொன்னார். ஈரம் காயாத ஒரு பிரதியைக் கையில் வாங்கி, அவன் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அதைப் பார்த்துவிட்டு அவரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அப்பா வந்து கூப்பிட்டதும், "வாரேனுங்க" என்றேன். அச்சுக் கோக்கிறவர் கையைக் காட்டித் தடுத்தார்.

"சொல்லிக்க வேண்டாமுங்க அம்மிணி. சும்மா போங்க."

சாவுச் சேதி கொண்டுவந்தவர்கள் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது என்பது எனக்கும் தெரியும். அது ஏன் எனக்குச் சொல்லப்படுகிறது என்றுதான் தெரியவில்லை. பட்டணத்து மரியாதை இப்படியும் இருக்கும்போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். புத்தி இன்னும் ஒரு படி மேலே போயிற்று. அச்சில் மகனைப் பார்த்தால் அத்தையின் கோபம் தீர்ந்துவிடும், நாடகத்துக்கு வந்துவிடுவாள், பெரியப்பாவும் அசந்துபோவார் என்று கணக்குப் போட்டேன். சேலத்திலேயே குமாரபாளையம் பஸ்ஸில் நோட்டீஸ் கட்டு ஒன்றை ஏற்றி, அத்தை பேரையும் தெருவையும் மேலே எழுதி, கண்டக்டரிடம் சொல்லி அனுப்பினேன். எப்போதும் நோட்டீஸ் கட்டுகள் முதலில் கம்பெனி வீட்டுக்குப் போகும். சாமி படத்தின் முன்னால் வைத்து, கட்டின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, அதற்குப் பிறகுதான் வெளியே எடுப்பார்கள். நான் அனுப்பிய கட்டு அந்த மஞ்சளைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தது.

இது புதன்கிழமை. எடப்பாடிக்கான கட்டைச் சுற்றிய காகிதம் பிரிக்காமலே கம்பெனி வீட்டில் கொடுத்தேன்; வெள்ளிக்கிழமை காலையில் வண்டிகட்டி, மேளம் அடித்து வீச ஏற்பாடு. அதுவரை யாருக்கும் காட்டாமல், பெரியப்பாவுக்கென்று ஒரு பிரதியை மட்டும் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தேன். நாடகத்தன்று காலையில் எடுத்து அவர் கையில் கொடுப்பதாகத் திட்டம். விண்ணப்பத் தாளையும் அதற்கு அடியிலேயே வைத்திருந்தேன். அந்தக் கையோடு அதில் அவர் கைரேகையையும் வாங்கிவிடலாம் அல்லவா?

வெள்ளிக்கிழமை காலை. அப்பா தறிக்குழியில் இருந்தார். நான் பெட்டியைத் திறக்கலாமா என்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தெருமுனையில் ஒப்பாரிச் சத்தம் கேட்டது. பஸ்ஸிலிருந்து இறங்கி ஏழெட்டுப் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு வருகிறார்கள். நடுவில், தலைவிரிகோலமாக, என் அத்தை.

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்று உண்டு. அழுதுகொண்டு ஒருத்தி வாசலுக்கு வந்தால், முதலில் கட்டிக்கொண்டு அழவேண்டும். யார் போனது என்பதெல்லாம் அப்புறம். அம்மா கையில் இருந்த அரிசி முறத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். பெரியம்மா ஓடினாள். நானும் ஓடினேன். வாசலில் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தோம். எனக்கும் உண்மையாகவே கண்ணீர் வந்தது. அத்தை வீட்டில் மாமா போய்விட்டாரோ என்று நினைத்துக்கொண்டேன். பாவம், போன மாதம்தான் வந்து போனார்.

அப்பா குழியிலிருந்து ஏறி வந்தார். அத்தை அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"ஏனண்ணா, ஒரே ஊருல இருந்தயே. தாய்மாமன்னு பேரு வெச்சிருக்கறயே. ஒரு ஆளு உட்டுச் சொல்ல உனக்கு மனசு வல்லியா? பஸ்காரங்கிட்டக் காயிதம் குடுத்து உட்டிருக்கறயே. அதும் ஒண்ணா ரெண்டா, ஒரு கட்டு. ஊருக்கெல்லாம் நானே குடுக்கோணுமா?"

அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்ன காயிதம்? யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார். நடிக்கிறார் என்று நினைத்து அத்தை இன்னும் உரக்க அழுதாள். சத்தம் கேட்டுப் பெரியப்பா வந்தார். தெருவே வந்தது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அழுத குரலிலேயே அம்மா காதில், யாரம்மா என்று கேட்டேன். தெரியலை, அழு, என்றாள் அம்மா.

அந்த நேரத்தில் சந்து வழியாக ஒரு பெண் ஓடிவந்தாள். முழங்கை வரை ஈரம், இடுப்புவரை நனைந்த கூந்தல், முகம் நிறைய மஞ்சள், மேலே யாருடையதோ பழைய சேலையைச் சுற்றியிருந்தாள். மாமன் வீட்டில் ஒப்பாரி கேட்கிறதே என்று கம்பெனி வீட்டுக் கிணற்றடியிலிருந்து அப்படியே ஓடிவந்த செல்லமுத்து. ராணி வேஷம் போடுகிற நாளில் மஞ்சள் தேய்த்துக் குளிப்பது அவர்கள் கம்பெனிச் சட்டம்.

எனக்கு அடையாளம் தெரிந்தது. அத்தைக்குத் தெரியவில்லை. அவள் கண்ணில் கண்ணீர், அவன் முகத்தில் மஞ்சள், நடுவில் மூன்று வருஷம். அவனுக்கும் வழக்கம் தெரியும். அம்மா அழுகிறாள் என்றதும் ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டான். நல்ல பயிற்சி பெற்ற குரல். எங்கள் எல்லாருடைய அழுகையும் அதற்கு முன்னால் ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது. கூட வந்த குமாரபாளையத்துப் பெண்கள் அழுவதைக்கூட நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

அத்தை அவன் தாடையைத் தொட்டு நிமிர்த்தினாள். "யாரு சாமி நீயி? இப்புடி அழுவறயே. எம் பையன உனக்குத் தெரியுமா?"

"உங்க பையனுக்கு என்னாச்சும்மா?"

"செத்துப்போயிட்டான் சாமி. எஞ் செல்லமுத்து செத்துப்போயிட்டான்."

அவன் அழுகை நின்றுவிட்டது. வாய் திறந்தபடி என்னைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான், கடைசியில் தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டான். ஒரு கணம் அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது என்று பின்னால் சொன்னான்.

"அம்மா," என்றான், இந்த முறை ஆண்குரலில். "செல்லமுத்து நாந்தானே?"

அதற்குப் பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்ல எனக்குத் தெரியாது. அத்தை சேலைத் தலைப்பால் அவன் முகத்து மஞ்சளை அழுத்தித் துடைத்தாள். உள்ளே இருந்து மகன் வர வர, இன்னும் வேகமாகத் துடைத்தாள். அப்புறம் ஓங்கி ஓர் அறை. அப்புறம் கட்டிக்கொண்டு முதலிலிருந்து அழுகை. இந்த அழுகைக்கும் நாங்கள் கூட அழுதோம், ஆனால் இது வேறு அழுகை. எங்கிருந்தோ ஒரு கிழவி சிரிக்க ஆரம்பித்தாள். அது வட்டம் முழுக்கப் பரவியது. அப்பா தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்தார்.

எல்லாம் அடங்கியதும் அத்தை மடியிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து எறிந்தாள். "இத எவன் எழுதுனான்னு மட்டும் எனக்குத் தெரியோணும்."

காகிதம் என் காலடியில் விழுந்தது. வெள்ளைத் தாள். தடிமனான கறுப்புக் கட்டம். நடுவில் மாலை போட்ட படம். முதல் முறையாக நான் அதை எழுதியவளாக இல்லாமல், பெற்றவளாகப் பார்த்தேன். முந்தின நாள் பொழுது சாய்ந்துதான் கட்டு அத்தை கைக்குக் கிடைத்ததாம். பஸ் ஸ்டாண்டில் ஒரு குமாஸ்தாவிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னாளாம். அவர் இரண்டு வரி படித்துவிட்டு, "இயற்கை எய்தினாருன்னா தவறிப்போனாருன்னு அர்த்தமுங்கம்மா" என்றாராம். ஆனால் அவர் படிப்பதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டதாம்.

பெரியப்பா குனிந்து காகிதத்தை எடுத்தார். நெருடிப் பார்த்தார். மேல் மூலை, கீழ் மூலை, பின்பக்கம் எல்லாம் பார்த்தார்.

"எனக்கு எழுத்துத் தெரியாது," என்றார். "ஆனாலும் படிச்சுட்டேன். சுழி இல்லை. மஞ்ச இல்லை. சுத்தியும் கரி. இதுல எழுத்து வேற எதுக்கு?" பிறகு என் பக்கம் திரும்பினார். "எட்டுக் கிளாசு படிச்சு இத்தன பேரு பாக்கறத நீயி பாக்கலியா கண்ணு?"

திட்டியிருந்தால் தேவலை. கண்ணு என்றுவிட்டார். போயிற்று என்று நினைத்தேன். சேலம் போயிற்று, டீச்சர் போயிற்று. உள்ளே போய் ராட்டைக்கு முன்னால் உட்கார்ந்து, யாரும் சொல்லாமலே தார் சுற்ற ஆரம்பித்தேன். வெளியே மேளச் சத்தம் கேட்டது. இந்த அமளியில் நோட்டீஸ் வண்டியை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. எடப்பாடி முழுக்க செல்லமுத்து இயற்கை எய்திக்கொண்டே போனான்.

அன்றைக்குக் கொட்டகையில் விழுந்த கூட்டத்தை மானேஜர் வாழ்நாளில் பார்த்ததில்லை. பொழுது சாய்வதற்குள்ளேயே வந்துவிட்டார்கள், நான்தான் அப்படி எழுதியிருந்தேனே. மாலையோடு வந்தவர்கள் பத்துப் பதினைந்து பேர். திரை எழுந்து ராணி நடந்து வந்ததும் கொட்டகை மூச்சை அடக்கியது. ராணி முதல் பாட்டை எடுத்ததும் தகரம் அதிரக் கைதட்டினார்கள். உயிரோடு இருப்பதற்காகவே ஒருவனுக்கு அவ்வளவு கைதட்டல் கிடைத்து நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை. கொண்டுவந்த மாலைகளை வீணாக்காமல் அவனுக்கே போட்டார்கள். அத்தை முன்வரிசையில் உட்கார்ந்து, ராணி காட்டுக்குப் போனபோதெல்லாம் பக்கத்தில் இருந்தவர்களிடம், "ஒண்ணுமில்லீங்க, திரும்பி வந்துருவான், எம் பையந்தான்" என்று தைரியம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை பெரியப்பா என்னைக் கூப்பிட்டனுப்பினார். அப்பா, அம்மா, அத்தை, செல்லமுத்து எல்லாரும் இருந்தார்கள். நான் கையில் ஒரு தாரோடேயே போய் நின்றேன்.

"அந்தக் காயிதம் எங்கே?" என்றார். நோட்டீஸைக் கேட்கிறார் என்று நினைத்து அத்தை முகத்தைப் பார்த்தேன். "அதில்லை. சேலத்துக் காயிதம்."

விண்ணப்பத்தை எடுத்து வந்து கொடுத்தேன். நெருடிப் பார்த்தார்.

"நான் யோசிச்சுப் பாத்தேன்," என்றார் அப்பாவிடம். "இந்தப் புள்ளையை ஊட்டுல வெச்சிருக்க முடியாது. அரைப் படிப்புக்கே ஒரு உசுரு போயிருச்சு. இப்புடியே உட்டா ஊருல ஒருத்தரும் மிஞ்ச மாட்டாங்க. போயி முழுசாப் படிச்சுப்போட்டு வரட்டும்."

யாரும் சிரிக்கவில்லை, அவர் சிரிக்காததால். அத்தைதான் முதலில் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் தாரைக் கீழே போட்டேன். அது உருண்டு போய்த் தறிக்குழிக்குள் விழுந்தது. எடுக்கவில்லை. அப்போதுதான் நேற்றுக் காலையிலிருந்து சாப்பிடவில்லை என்பது ஞாபகம் வந்தது.

பெரியப்பா கட்டை விரலில் மை தொட்டு ரேகை வைத்தார். மை காய்வதற்குள் அம்மாவைப் பார்த்து, "மஞ்சக் கொண்டா" என்றார். விண்ணப்பத்தின் நான்கு மூலையிலும் அவரே தடவினார். அச்சடித்த அரசாங்கக் காகிதத்தில் மஞ்சள் தடவக்கூடாது என்று எனக்குத் தெரியும். எட்டாவது பாஸ் பண்ணிய பிறகு முதல் முறையாக, ஒருவரையும் திருத்தாமல் நின்றேன்.

பயிற்சிப் பள்ளியில் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, யாருக்குக் கல்யாணம் என்று கேட்டார்கள். ஆனால் சேர்த்துக்கொண்டார்கள்.

இன்றைக்கு நான் எந்தக் கடிதம் எழுதினாலும் அம்மா மஞ்சள் தடவாமல் வெளியே விடமாட்டாள். பள்ளிக்கு வரவு ரிஜிஸ்தர் வேண்டும் என்று நான் எழுதுகிற மனுக்கள்கூட மஞ்சளோடுதான் போகின்றன. செல்லமுத்து இப்போது அதே கம்பெனியில் பையன்களுக்குப் பாட்டு சொல்லிக் கொடுக்கிறான். எனக்குப் போடுகிற ஒவ்வொரு கார்டிலும், "இங்ஙனம், இயற்கை எய்திய செல்லமுத்து" என்றுதான் கையெழுத்துப் போடுவான்.

போன வாரம் வந்த கார்டு முதலில் எங்கள் தலைமையாசிரியை கையில் கிடைத்துவிட்டது. இந்த ஊருக்குப் புதிதாக வந்தவர். வகுப்பிலிருந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டு, உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்தார்.

"செல்லமுத்து உங்களுக்கு என்ன உறவு?"

"அத்தை மகனுங்க," என்றேன்.

"வயசு அதிகமோ?"

"இல்லீங்க. சின்ன வயசுதான்."

அவர் என் கையைத் தட்டிக்கொடுத்து, அரைநாள் லீவு எழுதித் தந்தார். கேட்ட கேள்விக்கெல்லாம் நான் உண்மையைத்தான் சொன்னேன். சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வந்துவிட்டேன்.